பழைய சீவரம் மலைமேல்

காஞ்சீபுரத்துக்கு வருகிறவர்கள் கோயில்களைத் தரிசிப்பார்கள். பட்டுச் சேலை வாங்குவார்கள். மாலை வண்டியில் ஊர் திரும்பிவிடுவார்கள். ஒரு காலைப் பொழுது மிச்சமிருக்கும் நேயர்களுக்கு நாங்கள் சொல்வது வேறு. செங்கற்பட்டு மார்க்கத்தில் வாலாஜாபாத்தைத் தாண்டி, சுமார் 20 கிலோமீட்டரில், பழைய சீவரத்தில் இறங்குங்கள். அங்கே பத்மகிரி என்று ஒரு மலை இருக்கிறது.

நீலகிரியை எண்ணிக்கொண்டு வரவேண்டாம். இது பாறையும் முட்புதரும் நிறைந்த சிறு குன்று. ஆனால் கார்த்திகை மழை ஓய்ந்த பின் தை மாதத்தில் போனால், பாறை இடுக்கெல்லாம் புல் அடர்ந்திருக்கும். பங்குனி வெயிலில் அத்தனையும் சருகுதான்.

மாட்டுப் பொங்கலன்று காஞ்சி வரதர் பார்வேட்டைக்காக இம்மலைக்கு எழுந்தருளுகிறார். அன்று கூட்டம் அலைமோதும். ஆகையால் நாங்கள் அதற்கடுத்த வாரம், நெசவாளர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு சென்றோம்.

"தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டே முப்பது வருஷம் போய்விட்டது, வாத்தியாரையா. இந்தக் கால் மலை ஏறுமா?" என்றார். ஏறிற்று, எங்களுக்கு முன்னாலேயே ஏறிற்று!

உச்சியில் உட்கார்ந்தபோது வேட்டியெல்லாம் நாயுருவி ஒட்டியிருந்தது. நாங்கள் பிய்த்து இழுத்தோம். அவரோ ஓர் இழையும் கெடாமல் ஒவ்வொன்றாய் எடுத்தார்.

கீழே பாலாறு. செய்யாறும் வேகவதியும் அதனுடன் கலக்குமிடத்தில், அக்கரையில், திருமுக்கூடல் பெருமாள் கோயில். அங்கே வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டொன்று 11-ஆம் நூற்றாண்டில் நடந்த ஆதுலசாலையைப் பற்றிப் பேசுகிறது. அதில் 15 படுக்கைகள்; ஒரு வைத்தியர், சஸ்திர சிகிச்சைக்கு ஒருவர், நோயாளிகளைப் பேண இரு பெண்கள். மூலிகை பறிக்கவும் விறகு கொணரவும் இரண்டு ஆட்கள். கையிருப்பு மருந்துகளின் பெயர்கள்கூட வரிசையாய் வெட்டப்பட்டிருக்கின்றன.

அந்த இருவரும் மூலிகைக்கு எங்கே போயிருப்பார்கள்? ஆற்றைக் கடந்தால் இந்தக் குன்று. இங்கேதான் வந்திருப்பார்கள் என்பது எங்கள் ஊகம். நாங்கள் சலித்துக்கொண்டு பிய்த்தெறிந்த நாயுருவியும் மருந்துதானே!

இன்று ஆற்றில் பெரும்பாலான நாட்கள் நீரில்லை. மணலையும் வாரிவிட்டார்கள். சுற்று வட்டாரத்துக் குன்றுகள் சில, கல் குவாரிகளில் ஜல்லியாகி லாரியேறிப் போகின்றன. மணலையாவது ஒரு பெருவெள்ளம் திரும்பக் கொண்டுவரலாம். குன்றை யார் கொண்டுவருவது? பெருமாள் வருஷம் ஒருமுறை வந்து போகும் மலையாதலால் இது பிழைத்திருக்கிறது என்றார் நண்பர். நாங்கள் மறுக்கவில்லை.

மேலே கடை கிடையாது. தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள். வெயில் ஏறுமுன் இறங்கிவிடுவது நலம். இறங்கும் வழியில் நண்பர் ஒரு பிடி ஆவாரம்பூவைப் பறித்து மேல்துண்டில் முடிந்துகொண்டார். பேத்திக்குத் தேய்த்துக் குளிப்பாட்டவாம்.