ஐயா பந்தியை விட்ட காரணம்

எங்கள் வீட்டில் இரவுப் போசனத்தை எல்லோரும் ஒருங்கிருந்து உண்பதே வழக்கம். எழுபத்தாறு வயதான என் தந்தையார் ஒருநாள் தமது கோப்பையை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டார். மறுநாளும் அப்படியே. "தனியே சாப்பிட்டால் ஆறுதலாயிருக்கும், தம்பி" என்றார்.

தன் சமையல் பிடிக்கவில்லைப் போலும் என்று என் மனைவி உள்ளூர வருந்தினாள். நானோ மாணவரை அதட்டிப் பழகியவன். "இந்த வயதில் என்ன பிடிவாதம், ஐயா?" என்று கேட்டேவிட்டேன். அவர் மறுமொழி கூறவில்லை.

உண்மையைக் கண்டுபிடித்தவன் அவருடைய அறையில் உறங்கும் என் இளைய மகன். "அப்பப்பாவின் தலையணையில் சோற்றுப் பருக்கை கிடக்கிறது" என்றான். விசாரித்தபோதுதான் யாவும் வெளிவந்தன. உண்ட பிட்டு சில மணிநேரங் கழித்து, புளிப்புமின்றிக் கசப்புமின்றி, உண்டபடியே வாய்க்குத் திரும்புமாம். நீர் அருந்தினாற் கழுத்திற் களகளவென்று ஓசை எழுமாம். இரவில் இருமல்; வாய்நாற்றமும் உண்டு. பேரப்பிள்ளைகள் அருவருப்பார்களே என்று நாணியே மனிதர் பந்தியை விட்டிருக்கிறார்!

வைத்தியர் பேரியக் கரைசலை விழுங்கச்செய்து எக்ஸ்றேப் படம் எடுத்தார். உணவுக்குழாய்க்குப் பின்னே ஒரு சிறு பை வெள்ளையாய்த் தொங்கிற்று. தொண்டையின் பின்சுவரில், உணவுக்குழாய் தொடங்குமிடத்துக்குச் சற்று மேலே, தசைகளுக்கிடையில் வலுக்குன்றிய ஓரிடம் உண்டு. விழுங்கும்போது குழாயின் வாயிற்றசை நன்கு நெகிழாவிடின், அழுத்தம் அவ்விடத்தைத் தாக்கி உட்சவ்வைப் பைபோல வெளியே தள்ளிவிடுகிறது. உணவு இரைப்பையை எட்டாது அங்கே தங்குவதாலேயே புளிப்பின்றித் திரும்புகிறது. படுக்கும்போது அது மூச்சுக்குழாயினுள் இறங்கினால் நியூமோனியாவும் வரலாம். பிறிஸ்டல் நகரத்துச் சத்திரவைத்தியர் ஆபிரகாம் லட்லோ 1764இலேயே இதனைக் கண்டு விவரித்தார். ஆயினும் பெயர் நிலைத்தது, அடுத்த நூற்றாண்டில் இதனை ஆராய்ந்த ஜெர்மானியர் சென்கருக்கே.

பை சிறிதாயிருந்து தொல்லை தராவிடிற் சிகிச்சை வேண்டியதில்லையாம். ஐயாவோ மெலிந்துபோயிருந்தார். கொழும்பிலே, கழுத்தைக் கீறாமல், வாய்வழியே கருவி செலுத்தி, பைக்கும் உணவுக்குழாய்க்கும் நடுவிலுள்ள சுவரை அதிலடங்கிய தசையோடு வெட்டிவிட்டார்கள். பை இன்னும் அங்கேதான் இருக்கிறது. அதில் விழுவது தேங்காமற் குழாயினுள் வழிந்துவிடுகிறது.

சில நாள் திரவ உணவு, பின்னர் கஞ்சி. ஒரு வெள்ளிக்கிழமை இரவு கோப்பையோடு வந்து தம் பழைய இடத்தில் அமர்ந்தார். "பிள்ளை, பிட்டு இன்னுங் கொஞ்சம் வை" என்று மருமகளிடங் கேட்டார். நான் அதட்டியதைப் பற்றி இன்றுவரை அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.