வீட்டுக்கு ஒரு புதுப் புடவை

உங்கள் வீட்டுச் சுவர் என்ன நிறம்? படிப்பதைச் சற்று நிறுத்திவிட்டு நிமிர்ந்து பாருங்கள். பாலேடு நிறமா, தந்த நிறமா, வெளிர் சந்தன நிறமா? பட்டணத்து அடுக்குமாடி வீடுகளில் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான். வாடகை வீடென்றால் கேட்கவே வேண்டாம். ஓர் ஆணி அடிப்பதற்கே வீட்டுக்காரரின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. சுவருக்குக் கிளிப்பச்சை அடிக்கப் போகிறேன் என்றால் முன்பணம் முழுதாகத் திரும்பி வருமா? சொந்த வீட்டில் மட்டும் என்ன வாழ்கிறதாம்! இந்த ஆண்டு பிடித்த நிறம் அடுத்த ஆண்டு பிடிக்காமல் போனால், மறுபடியும் ஏணி, வாளி, ஆள் கூலி!

இதற்கு நம் பாட்டிமார்கள் அன்றைக்கே வழி கண்டிருந்தார்கள். சுவருக்கு வெறும் வெள்ளைச் சுண்ணாம்பு. நிறமெல்லாம் வந்து போகிற விருந்தாளி. வாசலில் கோலமும் காவிப் பட்டையும். நிலைப்படியில் மஞ்சள் குங்குமம். பண்டிகைக்கு மாவிலைத் தோரணம். நாலு பேர் வந்துவிட்டால் கூடத்தில் ஒரு ஜமக்காளம். விருந்தாளிகள் போனதும் ஜமக்காளத்தை உதறி மடித்து மூலையில் வைத்தால், கூடம் பழையபடி வெள்ளைக் கூடம்.

அந்த ஜமக்காளத்தைத் தேடித்தான் உங்களை ஈரோட்டுக்கு அழைக்கிறேன். சென்னையில் இரவு ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்தால், காலையில் ஈரோட்டில் காப்பி குடிக்கலாம்.

செவ்வாய்க்கிழமைச் சந்தை

ஈரோடு என்றதும் மஞ்சள் நினைவுக்கு வரும். ஈரோட்டு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. ஆனால் இல்லத்தரசிகளுக்கு இந்த ஊரின் இன்னொரு முகம்தான் முக்கியம். காங்கிரஸில் இருந்த காலத்தில் கதர் மூட்டையைத் தோளில் சுமந்து விற்ற பெரியார் பிறந்த ஊர் இது. இன்றைக்கும் துணிதான் இந்த ஊரின் மூச்சு.

பன்னீர்செல்வம் பூங்கா அருகே, கனி மார்க்கெட் வட்டாரத்தில், திங்கட்கிழமை மாலை தொடங்கிச் செவ்வாய்க்கிழமை வரை வாரச் சந்தை கூடுகிறது. வெளியூர், வெளி மாநில வியாபாரிகள் மூட்டை மூட்டையாக அள்ளிப் போவார்கள். வேட்டி, துண்டு, லுங்கி, படுக்கை விரிப்பு, தலையணை உறை, திரைச்சீலை எல்லாம் மலைபோல் குவிந்திருக்கும். "வாங்கக்கா, பாருங்க, பார்க்கறதுக்குக் காசு இல்லைங்க" என்று கொங்குத் தமிழ் கூப்பிடும்போது, கால் தானே நின்றுவிடும். ஆனால் ஜன்னல் அளவும் கட்டில் அளவும் குறித்த சீட்டு கையில் இல்லாமல் இந்தச் சந்தைக்குள் நுழையாதீர்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் திரைச்சீலை ஒரு சாண் குறையும்!

பவானியின் பட்டைகள்

ஈரோட்டிலிருந்து சுமார் 15 கிலோமீட்டரில் பவானி. காவிரியும் பவானி நதியும், கண்ணுக்குத் தெரியாத அமுத நதியும் கூடுவதாகச் சொல்லப்படும் இடம். சங்கமேசுவரரைத் தரிசித்துவிட்டு ஊருக்குள் நடந்தால் தறிச் சத்தம் கேட்கும்.

ஜமக்காளம் நெய்வது குழித்தறியில். நெசவாளி தரையோடு தரையாக உட்கார்ந்து, குழிக்குள் காலை விட்டு மிதியை மிதிக்கிறார். அகலமான ஜமக்காளமென்றால் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒருவர் தள்ளும் நாடாவை மற்றவர் வாங்கித் திருப்பித் தள்ளுகிறார். தடித்த ஊடை நூல் பாவு நூலை முழுக்க மூடிவிடுகிறது. அதனால்தான் சிவப்பு சிவப்பாகவே, பச்சை பச்சையாகவே, ஒன்றோடொன்று கலக்காமல் பட்டை பட்டையாக நிற்கிறது. இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். ஒரு பக்கம் மங்கினால் திருப்பிப் போடுங்கள், புது விரிப்பு!

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் சீமைத் துணியின் போட்டி வந்தபோது, இங்குள்ள ஜங்கமர் என்ற நெசவாளர்கள் இந்தக் கனத்த வண்ண விரிப்பை நெய்யத் தொடங்கினார்கள் என்பது வரலாறு. போட்டியிலிருந்து பிறந்த பொருள், இன்றைக்கு மறுபடியும் போட்டியில் மாட்டிக்கொண்டிருக்கிறது. ஜமக்காளத்தைக் கைத்தறியில்தான் நெய்ய வேண்டும் என்பது 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம். 2005-06இல் பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இருந்தும் விசைத்தறியில் ஓட்டிய விரிப்புகள் பவானி என்ற பெயரிலேயே மலிவாக விலை போகின்றன. அப்பட்டமான பொய்யை 'ஜமக்காளத்தில் வடிகட்டின பொய்' என்போமே, இங்கே ஜமக்காளமே பொய்யாகிவிட்டது! அசல் நெய்பவரின் கூலி இதனால் ஏறாமல் நிற்கிறது. அவருடைய பிள்ளைகள் வேறு வேலை தேடிப் போகிறார்கள்.

அசலை எப்படி வாங்குவது? பவானியிலுள்ள நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களிலோ, 1935 முதல் நடக்கும் கோ-ஆப்டெக்ஸிலோ கேட்டு வாங்குங்கள். கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். கையில் எடுத்தால் கனம் தெரிய வேண்டும். விலை சற்றுக் கூடத்தான் இருக்கும். அந்தக் கூடுதலில்தான் இரண்டு பேரின் ஒரு நாள் உழைப்பு ஒளிந்திருக்கிறது.

சென்னிமலையும் ஒரு வேதனையும்

படுக்கை விரிப்புக்குச் சென்னிமலை. ஈரோட்டிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். மலைமேல் முருகன், கந்த சஷ்டி கவசம் அரங்கேறிய தலம் என்று பக்தர்கள் போற்றும் இடம். மலையடிவாரத்தில் கைத்தறிக் கூட்டுறவுச் சங்கங்கள். கட்டம் போட்ட விரிப்புகளை இங்கே எடுக்கலாம்.

இதே வட்டாரத்தில், நொய்யல் ஆற்றின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை இருக்கிறது. பாசனத்துக்காக 1992இல் திறந்த அணை. சில ஆண்டுகளிலேயே திருப்பூர்ச் சாயப் பட்டறைகளின் கழிவுநீர் அதில் வந்து தேங்கியது. சுற்றியிருந்த கிணறுகளும் வயல்களும் பாழாயின. 2011 ஜனவரியில், கழிவுநீரை வெளியே விடாத ஏற்பாட்டைச் செய்யும்வரை பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது.

திரைச்சீலை வாங்கும்போது இது எதற்கு என்று கேட்கிறீர்களா? நிறத்துக்கு விலைச்சீட்டில் எழுதாத ஒரு விலையும் உண்டு, அம்மா. ஒரு பண்டிகைக்கு வாங்கி, மறு பண்டிகைக்குள் வெளுத்து, குப்பைக்குப் போகும் துணி, ஆற்றுக்கும் கடன் வைத்துவிட்டுப் போகிறது. நிறத்தை மாற்றுங்கள், துணியை எறியாதீர்கள்.

மூன்று புடவை போதும்

அலமாரியில் உங்கள் புடவைகள் முறை வைத்துக் காத்திருக்கின்றன அல்லவா? வீட்டுக்கும் அப்படியே மூன்று 'புடவை' வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் ஜன்னல் திரை, திண்டு உறை, கட்டில் விரிப்பு.

கோடைக்கு வெளிர் நீலமும் வெள்ளையும், பார்த்தாலே குளிர்ச்சி. மழைக் காலத்தில் வெளிச்சம் மங்கும். அப்போது மஞ்சளும் காவியும் அறையைப் பிரகாசமாக்கும். நவராத்திரி முதல் பொங்கல் வரை சிவப்பும் பச்சையும் இருக்கட்டும். சுவர் வெளிறியிருப்பது குறையல்ல, வசதி. எந்த நிறத்தோடும் அது சண்டை போடாது. ஆனால் ஓர் அறைக்கு ஒரு கனத்த நிறம் போதும். பவானிப் பட்டைகள் தரையில் இருந்தால், திண்டு உறைகள் பூ, கட்டம் எதுவும் இல்லாமல் அந்தப் பட்டைகளில் உள்ள ஒரு நிறமாகவே இருக்கட்டும். ஆணி அடிக்க முடியாத சுவரா? சிறிய ஜமக்காளத்தை நாற்காலி முதுகில் போடுங்கள், சோபாவில் விரியுங்கள்.

வாங்கு முன் ஈரக் கைக்குட்டையால் துணியின் ஓரத்தைத் தேயுங்கள். சாயம் ஒட்டினால் கடைக்காரரிடமே அது இருக்கட்டும். முதல் சலவையைத் தனியாக, குளிர்ந்த நீரில் செய்யுங்கள். நிழலில் உலர்த்துங்கள். மடித்து வைக்கும்போது இடையில் காய்ந்த வேப்பிலை போடுங்கள். இரண்டு மாதத்துக்கொரு முறை மடிப்பை மாற்றுங்கள்; இல்லாவிட்டால் மடிப்பு ஓரத்தில் நூல் இற்றுவிடும்.

அடுத்த மாதச் செலவுக் கணக்கு எழுதும்போது ஒரே ஒரு பவானி ஜமக்காளத்துக்கு இடம் ஒதுக்குங்கள். வீடு மாறும்போது சுவர்களை விட்டுவிட்டுத்தான் போகவேண்டும்; ஜமக்காளத்தைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு போகலாம்.