வீட்டிலேயே பள்ளி வைத்திருக்கும் அன்னையருக்கு

ஊர்விட்டு ஊர் மாற்றலாகும் உத்தியோகத்தாரின் இல்லங்களில் பிள்ளைகளின் படிப்பே முதலில் சிதறுகிறது. எங்கள் மூத்த மகள் நான்கு ஆண்டுகளில் மூன்று பள்ளிகளைக் கண்டாள். தில்லிக்கு வந்த பின் நானும் என் கணவரும் ஆலோசித்தும் ஜெபித்தும், மூவரையும் வீட்டிலேயே வைத்துக் கற்பிப்பதென்று துணிந்தோம். பதினான்கு வயது நிரம்பியவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளிக் கல்வி நிறுவனத்தின் வழியே பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். ஆதலின் மேற்படிப்பின் கதவு அடைபடுவதில்லை. இவ்வாறே துணிந்த கிறிஸ்தவத் தாய்மார் சிலர் இந்நகரில் உளர். அவர்களை எண்ணியே இதனை எழுதுகிறேன். ஏனைய சகோதரிகளுக்கும் இதில் பங்குண்டு.

கற்பிப்பது கடினமன்று, பொழுதைக் காண்பதே கடினம். குழாயில் தண்ணீர் வரும் வேளையும், பால்காரர் வரும் வேளையும், கடைக்குட்டி கண்விழிக்கும் வேளையும் ஒன்றே. மகனுக்குப் பின்னக் கணக்குச் சொல்லிக் கொண்டிருக்கையில் குழம்பு அடிப்பிடிக்கும். விடியற்காலையில் ஒரு மணி நேரம் அமைதியாக வேதம் வாசித்து ஜெபிக்க வேண்டுமென்று பிரசங்கத்திற் கேட்கிறோம். அந்த ஒரு மணியை எங்கே தேடுவது? “பிள்ளைகளுக்கு வேதம் கற்பிக்கிறேன், எனக்கு வாசிக்கப் பொழுதில்லை” என்று ஆலய வாசலில் ஒரு தோழி கண் கலங்கினார். அக்கண்ணீர் எனக்கும் உரியதே.

அவரிடம் சூசன்னா வெஸ்லி அம்மையாரைப் பற்றிச் சொன்னேன். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் அன்னை. இங்கிலாந்தில் எப்வொர்த் என்னும் சிற்றூரில் குருவானவரின் மனைவியாக வாழ்ந்தவர் (1669–1742). பெற்ற பத்தொன்பது பிள்ளைகளில் பத்துப் பேரே வளர்ந்தனர். கணவர் 1705-இல் கடனுக்காகச் சிறையிருந்தார். 1709-இல் வீடு தீக்கிரையாயிற்று. அத்தகைய வீட்டில்தான் காலையில் மூன்று மணியும் பிற்பகலில் மூன்று மணியும் பள்ளி நடந்தது. ஐந்து வயது நிரம்பிய பிள்ளை ஒரே நாளில் நெடுங்கணக்கு முழுவதையும் கற்றுவிடும். பெண்மக்கள் இருவருக்கு மட்டும் ஒன்றரை நாள் பிடித்தது. (நம்முடைய 247 எழுத்துகளை அம்மையார் கண்டாரில்லை!) நன்றாக வாசிக்க வரும்வரை எந்தப் பெண்குழந்தைக்கும் வேலை பழக்கலாகாது என்பது அவர் வகுத்த விதி. நம் வீடுகளில் இன்றும் பலருக்கு இது புதுமையே.

எனக்குப் பெரிதும் உதவியது வேறொன்று. தீ விபத்திற்குப் பிற்பட்ட ஆண்டுகளில் ஒவ்வொரு மாலையும் ஒரு பிள்ளையுடன் தனித்திருந்து பேசுவதை அவர் வழக்கமாக்கினார். வியாழன் மாலை ஜானுக்கு உரியது. ஆக்ஸ்போர்டில் கல்லூரி ஆசிரியரான பின்பும், அந்த வியாழன் மாலையில் ஒரு சிறு பகுதியைத் தமக்கென ஒதுக்குமாறு அம்மகன் தாய்க்குக் கடிதம் எழுதினார். ஆறு மணி நேரப் பள்ளி நமக்கு ஏலாது. அம்மையாருக்கு ஏவலாட்களேனும் இருந்தனர். ஒரு மாலைப் பொழுது ஏலும்.

எங்கள் வீட்டில் செவ்வாய் மகளுக்கு, வியாழன் மகனுக்கு, சனி சின்னவளுக்கு. அப்பொழுதிற் பாடமில்லை. மொட்டை மாடியில் பட்டாணி உரித்துக்கொண்டு அவர்கள் பேசுவதைக் கேட்பேன். பின் இருவருமாக ஒரு சங்கீதம் வாசித்து ஜெபிப்போம். வாரத்தில் மூன்று மாலை எனக்கும் வேதவாசிப்பு இவ்வாறே கிடைத்தது. “அப்பாவுக்கு மறுபடி மாற்றல் வந்தால் வியாழக்கிழமையும் நம்மோடு வருமா?” என்று சென்ற வாரம் மகன் கேட்டான். வரும் என்றேன்.

தோழி தம் இரு பிள்ளைகளுக்கும் புதனும் வெள்ளியும் குறித்திருக்கிறார். வெள்ளியன்று உபவாசக் கூட்டம் இருப்பதால் நாளை மாற்ற வேண்டியிருக்கும் என்கிறார்.