சாவிக் கொத்தில் தொங்கும் காமிரா

டோக்கியோ நகரத்து ரயிலில் ஏறி உட்கார்ந்தீர்களானால், எதிரே நிற்கும் பெண்களின் கைப்பைகளைக் கொஞ்சம் கவனியுங்கள். முகத்தை உற்றுப் பார்ப்பது மரியாதை இல்லை. பையைப் பார்த்தால் குற்றமில்லை! பூனைக்குட்டி, கரடிக்குட்டி, துணியில் தைத்த பழம் என்று ஏதாவது ஒரு பொம்மை அதில் ஆடிக்கொண்டிருக்கும். சில பைகளில் அந்தப் பொம்மைகளின் நடுவே, பழைய காலத்துக் காமிரா போலவும் ஒன்று தொங்கும். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பருமன், அவ்வளவுதான்.

"அதுவும் பொம்மைதானே?" என்றுதான் நினைப்பீர்கள். பொறுங்கள். ரயிலை விட்டு இறங்கியதும் அந்தப் பெண் அதை இரண்டு விரலால் எடுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, நிஜமாகவே ஒரு படம் எடுத்துவிட்டுப் போவாள்!

இந்தக் குட்டிக் காமிராக்களில் இப்போது பேர் பெற்றது 'கோடக் சார்மெரா' என்பது. 2025-ஆம் ஆண்டு செப்டம்பரில் வந்தது. எடை 30 கிராம். ஒரு சின்ன எலுமிச்சம் பழத்தின் கனம். 1987-இல் கோடக் கம்பெனி விற்ற 'ஃப்ளிங்' என்ற, ஒருமுறை உபயோகித்துக் கொடுத்துவிடும் காமிராவின் ஜாடையில் செய்திருக்கிறார்கள். பெயர் கோடக்குடையது, செய்து விற்பது ஹாங்காங்கிலுள்ள 'ரெட்டோ' என்ற கம்பெனி. ஜப்பானியர்களுக்கும் சொந்தமாக ஒன்று உண்டு. டோக்கியோவில் நகானோ பகுதியிலுள்ள 'கென்கோ' கம்பெனியின் 'பியேனி'. பின்லாந்து நாட்டுப் பாஷையில் பியேனி என்றால் 'சின்னது' என்று அர்த்தமாம். பொருத்தமான பெயர்தான்!

படம் எப்படி இருக்கும்? உண்மையைச் சொல்லிவிட வேண்டியதுதான். சுமாராக இருக்கும். இன்றைய செல்போன் ஒவ்வொரு படத்தையும் கோடிக் கணக்கான புள்ளிகளால் ஆக்குகிறது. சார்மெராவின் படத்தில் 16 லட்சம் புள்ளிகள்தான். பியேனியில் அதைவிடவும் குறைவு. அப்படியிருக்க, நிக்கானும் கானனும் பிறந்த ஊரில், அத்தனை உயர்ந்த காமிராக்களை வைத்துக்கொண்டிருக்கும் ஜனங்கள், இந்தச் சுண்டைக்காய்க் காமிராவை ஏன் வாங்குகிறார்கள்?

இதற்கு விடை வேண்டுமானால் டோக்கியோவில் மூன்று இடங்களுக்குப் போய்வர வேண்டும். வாருங்கள், போகலாம்.

ஹான்ஸோமோனில் ஒரு நிலவறை

முதலாவது இடம், சக்கரவர்த்தியின் அரண்மனைக்கு மேற்கே இருக்கும் ஹான்ஸோமோன். பூமிக்கு அடியில் ஓடும் ரயிலில் வந்து இறங்கி, நாலைந்து நிமிஷம் நடந்தால் பிரிட்டிஷ் ஸ்தானிகர் மாளிகைக்குப் பின்புறத்தில் ஒரு கட்டடம். அதன் கீழ்த்தளத்தில் ஜப்பான் காமிரா அருங்காட்சியகம் இருக்கிறது. 1989-இல் திறந்தார்கள். 1839-இல் பாரிஸில் விற்பனைக்கு வந்த ஜிரூ காமிரா, அதாவது உலகத்திலே கடைச் சரக்காக விற்ற முதல் காமிரா, இங்கே இருக்கிறது. ஒரு பெரிய மரப்பெட்டி! அதைப் பார்த்துவிட்டுப் பையில் தொங்கும் குட்டியை நினைத்தால் சிரிப்பு வரும்.

இந்த இடத்தில் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கதைகள் இரண்டு.

ஒன்று, 'ஹிட்' காமிராவின் கதை. யுத்தத்தில் தோற்று, 1945 முதல் 1952 வரை ஜப்பான் அன்னியர் வசம் இருந்தது. அந்தக் கஷ்ட காலத்தில் அங்கே உள்ளங்கைக்குள் மறையும் குட்டிக் காமிராக்களைச் செய்து வெளிநாடுகளுக்கு அனுப்பினார்கள். ஒவ்வொரு படமும் 14 மில்லிமீட்டர் சதுரம். நம் கட்டைவிரல் நகம் அளவு. 'ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்தது' என்ற எழுத்துக்கள் சிலவற்றில் பொறித்திருக்கும். படம் மங்கல்தான். ஆனாலும் விளையாட்டுச் சாமான் போன்ற அந்தச் சரக்கு, வயிறு காய்ந்த நாட்டுக்கு நாலு காசு சம்பாதித்துக் கொடுத்தது. ஆகவே குட்டிக் காமிரா என்பது இன்று நேற்று முளைத்த பைத்தியம் அல்ல.

இரண்டாவது, யோஷிஹிஸா மைத்தானி என்ற இளம் எஞ்ஜினியரின் கதை. 1956-இல் ஒலிம்பஸ் கம்பெனியில் சேர்ந்தார். சாதாரண ஜனங்கள் வாங்கும்படியாக, 6,000 யென் விலைக்கு ஒரு காமிரா செய்ய வேண்டும் என்பது அவர் ஆசை. காமிரா மலிவாக இருந்து என்ன பயன், படச்சுருள் விலை கட்டுப்படியாக வேண்டாமா? ஒரு படம் விழும் இடத்தில் இரண்டு படம் விழும்படி செய்துவிட்டார். 36 படச் சுருளில் 72 படம்! 1959-இல் வந்த அந்தக் காமிராவுக்குப் 'பென்' என்று பெயர். பேனாவைப் போல எப்போதும் கூடவே இருக்க வேண்டும் என்பது தாத்பரியம்.

1961-இல் அதற்கு ஒரு தங்கை பிறந்தாள்: 'பென் இஇ'. வெளிச்சத்தை அதுவே அளந்துகொள்ளும். எண்களைத் திருகிக் கணக்குப் போட வேண்டியதில்லை, அழுத்தினால் போதும். வெளிச்சம் போதாவிட்டால் கண்ணாடிக்குள் ஒரு சிவப்பு நாக்கை நீட்டி, "இப்போது வேண்டாம்" என்று மறுத்துவிடும்! இது வந்த பிறகுதான் காமிரா என்றாலே 'அது புருஷர்கள் சமாசாரம்' என்று ஒதுங்கியிருந்த வீடுகளில் அம்மாவும் படம் எடுக்க முடிந்தது. பென் வம்சத்துக் காமிராக்கள் மொத்தம் 1 கோடியே 70 லட்சம் விற்றன.

இந்த விஷயத்தை மனசில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

ஷிஞ்சுகு கடைத்தெரு

இரண்டாவது இடம் ஷிஞ்சுகு. அடேயப்பா, என்ன கூட்டம்! ரயில் நிலையத்தின் மேற்கு வாசல் வழியாக வெளியே வந்தால் யோதோபாஷி என்ற பெரிய கடையின் பாட்டுக் காதைத் துளைக்கும். சுற்றுவட்டாரத்தில் புதிய காமிராக் கடைகளும், பழைய காமிராக்களை வாங்கி விற்கும் கடைகளும் நிறைய.

இங்கே ஒரு வேடிக்கை. பெரியவர்கள் பழைய இரும்புக் காமிராக்களை விசாரித்துக் கொண்டிருப்பார்கள். கல்லூரிப் பெண்களோ 2000-ஆம் ஆண்டை ஒட்டி வந்த பழைய டிஜிட்டல் காமிராக்களைத் தேடுவார்கள். தாங்கள் குழந்தையாக இருந்தபோது அம்மாவும் அப்பாவும் எடுத்த படங்களில் இருக்கும் அந்த நிறமும் மங்கலும் அவர்களுக்கு வேண்டும். அதை 'எமோய்' என்று சொல்லுகிறார்கள். 'மனசை என்னவோ செய்கிறது' என்று நாம் சொல்லுகிறோமே, ஏறக்குறைய அதுதான்.

வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? 2025-இல் ஃபூஜி கம்பெனியும் பழைய பென் காமிராவின் முறையை ஞாபகப்படுத்தும் 'எக்ஸ் ஹாஃப்' என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. அதில் ஒரு தினுசில் வைத்துவிட்டால், 36 அல்லது 54 அல்லது 72 படம் எடுத்து முடிக்கும் வரையில் எடுத்ததைப் பார்க்கவே முடியாது! காத்திருப்பதற்கு மனிதர்கள் காசு கொடுக்கிறார்கள் பார்த்தீர்களா? ஆனால் அதன் விலையில் சார்மெராக்கள் இருபதுக்கு மேல் வாங்கலாம். அமெரிக்காவில் சார்மெராவுக்கு விலை 30 டாலர்தான்.

அதிலும் ஒரு தூண்டில் இருக்கிறது. எந்த நிறம் கிடைக்கும் என்று பெட்டியைத் திறக்கும் வரை தெரியாது. தினுசு ஆறு, ஏழாவது ரகசியம். அது எப்போதாவதுதான் அகப்படும். "ஏழும் சேர்ந்தால்தான் தூக்கம் வரும்" என்று குழந்தைகள் அடம் பிடித்தால் மசிந்துவிடாதீர்கள். ஒன்று போதும்.

யானகாவில் ஒரு மாலை

கடையில் வாங்கியாகிவிட்டது. எடுத்துப் பார்க்க வேண்டாமா? அதற்கு ஏற்ற இடம் யானகா. நிப்போரி நிலையத்தில் இறங்கி மேற்கே நடந்தால், 1945-ஆம் வருஷத்துக் குண்டு வீச்சில் பெரும்பாலும் தப்பிப் பிழைத்த பழைய பேட்டை இது. கல் படிகள் கடைத்தெருவுக்கு இறங்கும். 'மாலை வெயில் படிகள்' என்ற அர்த்தத்தில் அவற்றுக்கு அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். சாயங்காலம் மேலே நின்றால் கடைக் கூரைகளுக்கு மேலே சூரியன் இறங்குவது தெரியும். கீழே கட்லெட் பொரிக்கும் வாசனை, தேநீர்க் கடை, பூனை வாலைப் போலச் செய்த இனிப்புப் பலகாரம். நிஜப் பூனைகளும் உண்டு.

இங்கே குட்டிக் காமிராவின் குணம் தெரிந்துவிடும். அதன் உள்ளே ஒளியை வாங்கும் தகடு உளுத்தம்பருப்பு அளவுதான். ஆகவே சூரியனுக்கு நேரே பிடித்தால் வானம் வெளுத்துக் கடைகள் கறுத்துவிடும். இருட்டினால் படத்தில் மணல் தூவினாற்போல் இருக்கும். கிட்டத்தில் பிடித்தால் பூ மங்கும். ஓடுகிற ரயிலிலிருந்து எடுத்தால் தந்திக் கம்பமெல்லாம் சாய்ந்து நிற்கும்! வெயில் உங்கள் முதுகில் படட்டும். எடுக்கும் பொருளுக்கு இரண்டு மூன்று அடி தள்ளி நில்லுங்கள். இரண்டு கையாலும் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு அழுத்துங்கள். பழைய ஆல்பத்திலிருந்து கழற்றியது போன்ற படம் கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கை. காமிரா சின்னது என்பதற்காகப் பிறரை அவர்களுக்குத் தெரியாமல் எடுக்காதீர்கள். ஜப்பானில் விற்கும் செல்போன்கள் படம் எடுத்தால் சப்தம் போடும்படியே அமைத்திருக்கிறார்கள். மறைவாக ஆபாசப் படம் எடுப்பதைத் தண்டிக்க 2023-இல் தனிச் சட்டமே வந்தது. காமிராவைத் தூக்கிக் காட்டி, கண்ணால் ஒரு கேள்வி கேட்டு, தலையசைத்த பிறகு எடுப்பதுதான் அழகு.

அம்மா எங்கே?

இப்போது விடைக்கு வருவோம். செல்போனில் படம் எடுத்தால் என்ன நடக்கிறது? ஒரே காட்சியைப் பத்து தடவை எடுக்கிறோம். "ஐயோ, என் கன்னம் ஊதியிருக்கிறது, அழித்துவிடு!" என்கிறோம். நடுவில் யாரோ கூப்பிடுகிறார்கள், செய்தி வருகிறது, படம் மறந்து போகிறது. குட்டிக் காமிராவில் கன்னம் ஊதியதா என்று தெரிகிற அளவுக்கு வசதி இல்லை. எடுத்தோம், மூடினோம், பேச்சைத் தொடர்ந்தோம்.

அதைவிடப் பெரிய சௌகரியம் ஒன்று உண்டு. நீங்கள் உங்கள் வீட்டு ஆல்பத்தைப் புரட்டிப் பாருங்கள். குழந்தைகள் இருக்கிறார்கள், மாமா, சித்தப்பா இருக்கிறார்கள், கேக் வெட்டியது, கோயிலுக்குப் போனது எல்லாம் இருக்கின்றன. அம்மா எங்கே? ஒன்று, சமையலறையில் இருந்திருப்பாள். இல்லாவிட்டால் அவள்தான் படம் எடுத்திருப்பாள். விலை உயர்ந்த செல்போனை ஆறு வயதுப் பையனிடம் கொடுக்க நமக்கு மனசு வராது. முப்பது கிராம் காமிராவைக் கொடுக்கலாம். பாட்டியிடம் கொடுக்கலாம். பெரிய காமிராவைக் கண்டால், "வேண்டாண்டியம்மா, என் மூஞ்சியைப் போய் எடுப்பாயா!" என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பாட்டி, இந்தப் பொம்மையைக் கண்டால் சிரித்துவிடுவாள். சிரிக்கும்போதே எடுத்துவிடலாம். அன்று பென் காமிரா அம்மாவின் கையில் காமிராவைக் கொடுத்தது. இன்று இந்தக் குட்டி அதைக் குழந்தையின் கைக்கு மாற்றி, அம்மாவைப் படத்துக்குள் கொண்டுவரும்.

வாங்குகிறவர்களுக்கு நாலு வார்த்தை. படங்களைச் சேர்க்கும் நகம் அளவுத் தகட்டைத் தனியாக வாங்க வேண்டியிருக்கும். கைக்குழந்தை வாயில் போட்டுக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாங்கல்ய தாரணம் போன்ற, திரும்பி வராத நிமிஷங்களுக்கு இதை நம்ப வேண்டாம். நல்ல காமிராவே வேண்டும். இந்தப் படங்களைச் சுவர் அளவுக்குப் பெரிதாக்க முடியாது. தபால் கார்டு அளவுக்குத் தாராளமாக அச்சிடலாம். மாதத்துக்கு ஒரு தடவை பத்துப் படமாவது அச்சிட்டு ஆல்பத்தில் ஒட்டி, பின்னால் தேதியும் பெயரும் எழுதி வையுங்கள். அவற்றில் இரண்டிலாவது நீங்கள் இருக்க வேண்டும். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு நிற்கிற படமானாலும் சரிதான்.