பழைய வண்டிக்குப் புதுத்தோல்

அலிப்பூரில் குடியிருந்துகொண்டு அம்பாசிடரைப் பற்றி எழுதாமல் இருக்க முடியுமா? ஹூக்ளி நதியின் மேல்கரையில், உத்தரபாராவில் பிறந்த வண்டி அது. 2014 மே மாதத்தில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் அங்கே உற்பத்தியை நிறுத்திவிட்டது. பிறந்தகம் மூடிய பிறகும் பிள்ளைகள் சில தெருவில் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. அவற்றுள் ஒன்று என் மாமாவினுடையது. இசுசூ எஞ்சின் பூட்டிய 1996ஆம் ஆண்டு வண்டி.

எஞ்சினுக்கு ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் உள்ளே! டாஷ்போர்டு வெளுத்துவிட்டது, கதவுகளின் உட்புறப் பிளாஸ்டிக் சொறி பிடித்தாற்போல் இருந்தது. “வினைல் ஒட்டிவிடலாமே, மாமா” என்றேன். “ஏன்டா, தேர்தல் சுவரொட்டி மாதிரியா?” என்று கேட்டார்.

கேள்வி நியாயமானதுதான். வினைலும் பசை தடவிய தாளே. கனமும் நாம் எழுதும் காகிதத்தின் கனம், ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர். இந்தப் பொருளை மெதுவாக வளையும்படி முதலில் ஆக்கியவர் அமெரிக்காவில் குட்ரிச் கம்பெனியில் இருந்த வால்டோ செமன், ஆண்டு 1926. ரப்பரை உலோகத்தோடு ஒட்ட ஒரு பசை தேடப்போனவர் அவர். பசை கிடைக்கவில்லை, நமக்கு மழைக்கோட்டு கிடைத்தது, நாம் ரெக்ஸின் என்று சொல்லி உட்காரும் இருக்கை உறைகள் பலவும் கிடைத்தன.

பழைய உதிரிச் சாமான்களுக்குப் பேர்போன மல்லிக் பஜாரில் ஒரு மிஸ்திரியைப் பிடித்தோம். மாமாவை அவர் ‘தாதா’ என்றே அழைத்தார். ஊரிலிருந்து புதிதாக வந்த நண்பர்கள் மிரள வேண்டாம். இங்கே தாதா என்றால் அண்ணன்.

சுருளைக் கையில் எடுக்குமுன் அவர் கேட்டது ஒன்றே ஒன்று. “டாஷ்போர்டுக்கு மினுமினுப்பு எண்ணெய் போடுவதுண்டா?” உண்டு, வாராவாரம். அவர் முகம் சுருங்கியது. அந்தப் பாலிஷில் உள்ள சிலிகான் மீது எந்தப் பசையும் நிற்காதாம். சோப்புத் தண்ணீர், பிறகு ஸ்பிரிட், மறுபடியும் ஸ்பிரிட் என்று அரை நாள் துடைத்தார். ஒட்டிய நேரம் அதைவிடக் குறைவு.

ஒட்டுவதைப் பார்க்க அழகாயிருந்தது. தாளை இழுத்துப் பிடித்து, வெந்காற்றுக் குழலால் சூடு காட்டி, ஓரத்தில் துணி சுற்றிய தகட்டால் நடுவிலிருந்து விளிம்புக்குத் தள்ளிக்கொண்டே போனார். குழிவான இடங்களில் கடைசியாக இன்னொரு முறை பலமாகச் சூடு. வினைலுக்கு ஞாபகசக்தி உண்டு. தட்டையாக இருந்த நாளை அது மறக்கும்வரை சுடாவிட்டால், சித்திரை வெயிலில் சுருங்கிப் பழைய இடத்துக்கே கிளம்பிவிடும். உருளையில் அழுத்திச் செய்த மலிவு தாளில் இந்தப் பிடிவாதம் அதிகம். வார்த்தெடுத்த தாளில் குறைவு. விலை வித்தியாசத்தின் காரணம் அதுதான். மாமா எதைச் சொல்லியிருப்பார் என்று ஊகித்துக்கொள்ளுங்கள். நல்லவேளை, மிஸ்திரி அதைக் காதில் வாங்கவில்லை.

மூன்று கதவுகள் முடிந்தன. முன்பக்க இடது கதவுக்கு வந்ததும் அவர் உப்புத்தாளை எடுத்தார். இழுத்துச் சாத்தும் கைப்பிடியைச் சுற்றிலும் பிளாஸ்டிக்கில் மெல்லிய வளைகோடுகள், நூற்றுக்கணக்கில். இருபது வருஷத்துக்குமேல் அத்தையின் வளையல்கள் உரசிய கோடுகள் அவை. அத்தை போய் மூன்று வருஷமாகிறது.

“தேய்க்காமல் அப்படியே மேலே ஒட்டிவிடுங்களேன், அடியில் இருந்துவிட்டுப் போகட்டும்” என்றேன் நான். மிஸ்திரி தலையை ஆட்டினார். இவ்வளவு மெல்லிய தாள் எதையும் மறைக்காது; ஒரு மணல் துகள் அடியில் இருந்தால்கூட மேலே கொப்புளமாகத் தெரியும். தேய்த்து, மக்கு பூசி, மறுபடி தேய்த்தால்தான் வேலை சுத்தமாக இருக்கும். கோடுகள் இருக்க வேண்டும், அல்லது தாள் இருக்க வேண்டும்.

மாமா வண்டியைச் சுற்றி வந்து அந்த இருக்கையில் உட்கார்ந்தார். அவர் அங்கே உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கதவை உள்ளேயிருந்து ஒருமுறை சாத்தினார், திறந்தார்.

“இதை விட்டுடுங்க, தாதா” என்றார் மிஸ்திரியிடம்.

இப்போது மூன்று கதவுகள் கறுப்பாகப் பளபளக்கின்றன. நாலாவது வெளுத்துக் கிடக்கிறது. ஏறுகிறவர்கள் எல்லாரும் காரணம் கேட்கிறார்கள். தாள் தீர்ந்துவிட்டது என்று சொல்லி மாமா வண்டியை எடுத்துவிடுகிறார்.