பத்தியம் என்பது பட்டினி அன்று



உணவையும் மருந்தையும் உடன்பிறப்புகளாகக் கருதியவர்கள் நம் முன்னோர். திருக்குறளில் 'மருந்து' என்னும் 95ஆம் அதிகாரத்தை எடுத்துப் பார்த்தால், அதிலுள்ள 10 குறள்களில் 6 குறள்கள் உண்ணும் முறையையும் அளவையுமே பேசுகின்றன. ஆகவே, ஒரு வீட்டில் நோய் புகுந்தால் "என்ன மருந்து?" என்று கேட்கும் முன்னரே "என்ன சாப்பிடக் கொடுக்கிறீர்கள்?" என்று கேட்பது நம்மவர் வழக்கமாயிற்று. அவ்வழக்கம் நல்லதே. ஆயினும், வந்த நோய் புற்றுநோயாக இருக்கும்போது அக்கேள்விக்கு விடை காண்பது அத்துணை எளிதன்று. அவ்விடையைத் தேடி எங்கள் குடும்பம் ஓராண்டுக்கும் மேலாகக் கற்றவற்றை இம்மலரின் வாயிலாக உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

எங்கள் பெரியம்மா பேராக் மாநிலத்துத் தோட்டம் ஒன்றில் பதினெட்டு வயதிலேயே பால்வாளி தூக்கியவர். இரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்த பின்னர் உதிரிப் பழம் பொறுக்கினார். ஒருநாள் வேலைக்குப் போகாவிட்டாலும் உடல் நோகும் என்பார். 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவருக்கு மார்பகப் புற்றுநோய் கண்டிருப்பதாக நகரத்து அரசாங்க மருத்துவமனையில் கூறினர். அறுவை முடிந்ததும், மூன்று வாரத்திற்கு ஒருமுறையாக ஆறு தடவை கீமோதெரபி என்னும் மருந்தேற்றும் சிகிச்சை, அதன்பின் கதிர்வீச்சுச் சிகிச்சை என்று முடிவாயிற்று.

செய்தி லயத்தில் பரவியது. அன்று மாலையே உற்றார் உறவினர் வரத் தொடங்கினர். வந்தவர் ஒவ்வொருவரும் ஒரு பத்தியம் சொன்னார்கள். கோழி ஆகாது, புண் ஆறாது என்றார் ஒருவர். முட்டை சூடு என்றார் மற்றொருவர். இறால் அரிப்பைக் கிளப்பும், மீன் நாற்றம் நோயை வளர்க்கும், பால் கபம், கத்தரிக்காய் கரப்பான், சர்க்கரையோ புற்றுக்கே தீனி! சபா பாம்புப் புல் எனப்படும் செடியின் இலைச்சாற்றை வெறும் வயிற்றில் குடித்தால் கட்டி கரைந்துவிடும் என்று ஒரு பை நிறைய இலை கொண்டுவந்தவரும் உண்டு. முள்சீத்தா இலையைக் காய்ச்சிக் குடிக்கச் சொன்னவரும் உண்டு.

அவர்கள் அனைவரும் அன்பினால்தான் சொன்னார்கள். அதில் ஐயமில்லை. ஆனால் அத்தனையையும் ஒன்றாகக் கூட்டிப் பார்த்தபோது தட்டில் எஞ்சியது கஞ்சியும் இரசமும் மட்டுமே. எங்கள் வீட்டில் மூத்தவரான பாட்டியோ, "பெரியவர்கள் சொன்னால் காரணம் இருக்கும்; பத்தியம் காத்தால்தான் மருந்து வேலை செய்யும்" என்று உறுதியாக நின்றார். பாட்டியின் சொல்லை மறுத்துப் பேசும் வழக்கம் எங்களுக்கில்லை. அதே சமயம், பெரியம்மாவின் உயிர் எங்களுக்குப் பெரிது. எனவே, மருத்துவமனையின் உணவியல் அலுவலரிடமே கேட்டுவிடுவது என்றும், பாட்டியையும் உடன் அழைத்துச் செல்வது என்றும் தீர்மானித்தோம்.

அந்த அலுவலர் ஒரு மலாய்ப் பெண்மணி. பாட்டியை 'நேனெக்' என்று மரியாதையாக அழைத்து நாற்காலியில் அமர வைத்தார். அவர் சொன்னவற்றை நாங்கள் தமிழில் எடுத்துரைத்தோம். முதலில் பெரியம்மாவை நிறுத்துப் பார்த்தார். 52 கிலோ இருந்தார். "இந்த எண்ணைக் காப்பாற்றுவதுதான் சமையலறையின் வேலை" என்றார் அவர்.

பின்னர் விளக்கம் தந்தார். மருந்து புற்றணுக்களைத் தாக்கும்போது, விரைவாக வளரும் நல்ல அணுக்களையும் சேர்த்தே தாக்குகிறது. வாயின் உட்புறத்தோல், குடலின் உட்சுவர், தலைமுடியின் வேர், இரத்தம் ஊறும் எலும்புமச்சை ஆகியவை அத்தகையவை. அவற்றை உடல் மீண்டும் கட்டியெழுப்ப வேண்டும். செங்கல் இல்லாமல் வீடு கட்ட இயலுமா? உடலுக்குச் செங்கல் புரதம். சிகிச்சை பெறுபவருக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 1 கிராம் முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும். பெரியம்மாவின் எடைக்கு அது 52 கிராம் முதல் 78 கிராம் வரை ஆகும். சிறுநீரகக் கோளாறு முதலிய வேறு நோய் உடையவர்களுக்கு இக்கணக்கு மாறும்; அவர்கள் மருத்துவரைக் கேட்டே நடக்க வேண்டும்.

மாணவர்களே, இக்கணக்கை நீங்களும் போட்டுப் பாருங்கள். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம். இரண்டு முட்டைக்கு 12. ஒரு குவளைப் பாலில் சுமார் 8. இரண்டு குவளைக்கு 16. மீன் 100 கிராமில் சுமார் 20. தெம்பே 50 கிராமில் ஏறத்தாழ 9. ஆக மொத்தம் 57. பருப்பும் சோறும் தருவது இதற்கு மேல். இவற்றில் எதுவும் கடல் கடந்து வரும் விலையுயர்ந்த பண்டமன்று. தோட்டத்துக் கடையிலேயே கிடைப்பவை. ஆனால் முட்டையும் பாலும் மீனும் ஆகாவென்று ஒதுக்கினால் கணக்கு எவ்வாறு நிறையும்?

சர்க்கரையைப் பற்றியும் கேட்டோம். புற்றணு மட்டுமன்றி உடலின் எல்லா அணுக்களுமே சர்க்கரைச் சத்தைப் பயன்படுத்துகின்றன. சோற்றையும் பழத்தையும் நிறுத்தினால் புற்று பட்டினியால் சாகாது, நோயாளிதான் மெலிவார் என்றார். அதற்காகத் தித்திப்பை அள்ளி உண்ணலாம் என்பதில்லை. நீரிழிவு உடையவர் தம் கட்டுப்பாட்டைக் கைவிடவும் கூடாது.

இலைச்சாறுகளைப் பற்றி அவர் கூறியது இன்னும் கவனிக்கத்தக்கது. பாம்புப் புல்லையும் முள்சீத்தாவையும் ஆய்வுக்கூடத்தில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். மனிதருடைய புற்றுநோயை அவை குணப்படுத்தும் என்பது மெய்ப்பிக்கப்படவில்லை. செறிவான சாறும் மாத்திரையும் மருந்தின் போக்கையே மாற்றிவிடக்கூடும். நம் ஈப்போவுக்கு அருகே தம்புனில் விளையும் பம்பளிமாசும் அப்படித்தான். அது நல்ல பழமே. எனினும், சில மருந்துகளை உடல் சிதைக்கும் வேகத்தைக் குறைத்து, இரத்தத்தில் அவற்றின் அளவைக் கூட்டிவிடும். ஆகவே எதை உட்கொண்டாலும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். குழம்பில் போடும் மஞ்சளுக்குத் தடையில்லை. மஞ்சள் மாத்திரை என்றால் கேட்ட பிறகே.

இவற்றையெல்லாம் பாட்டி வாய் திறவாமல் கேட்டுக்கொண்டிருந்தார். இறுதியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "பிள்ளை பெற்றவளுக்கு நான் சுறாப்புட்டும் பூண்டுக் குழம்பும் நாட்டுக்கோழிச் சாறும் கொடுத்தேனே, அது எதற்கு? போன இரத்தம் ஊற, புண் ஆற. அப்படியானால் இவளுக்கும் அதுதானே வேண்டும்?"

நாங்கள் அதை மலாயில் சொன்னதும் அலுவலர் முகம் மலர்ந்தது. "அதேதான், நேனெக். காரத்தை மட்டும் குறைத்துவிடுங்கள்" என்றார்.

அன்று முதல் எங்கள் வீட்டுச் சமையல் பாட்டியின் ஆட்சிக்கு வந்தது. பத்தியம் என்னும் சொல்லின் உண்மைப் பொருள் எங்களுக்கு விளங்கியதும் அன்றுதான். நம் முன்னோரின் பத்தியம் வெறும் விலக்கு மட்டுமன்று. இன்ன உடம்புக்கு இன்னது வேண்டும் என்று தேர்ந்து கொடுப்பதும் அதுவே. இடைக்காலத்தில் நாம் விலக்குவதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, கொடுப்பதை மறந்துவிட்டோம்.

நிற்க. என்ன கொடுப்பது என்று அறிந்தால் மட்டும் போதாது. எப்பொழுது எதை உண்ண இயலும் என்பதையும் அறிய வேண்டும். மருந்தேற்றிய முதல் நான்கு நாள்களுக்குப் பெரியம்மாவுக்குக் குமட்டல் மிகுதி. கடுகும் மிளகாயும் தாளிக்கும் வாடையே போதும், எழுந்து வெளியே ஓடுவார். ஆகவே சமையலை வீட்டின் பின்புறம் மாற்றினோம். லயத்து வீடுகளுக்கு நடுச்சுவர் ஒன்றுதானே? அண்டை வீட்டார் தாமாகவே அந்த நான்கு நாள்களும் கருவாடு வறுப்பதை நிறுத்திக்கொண்டார்கள். அவ்வுதவியை எங்கள் குடும்பம் என்றும் மறவாது. மூன்று வேளைப் பெருஞ்சோற்றுக்குப் பதிலாக ஆறு வேளை சிறு கிண்ணம். ஆவி பறக்கும் உணவுக்குப் பதிலாக ஆறிய உணவு. கையருகே வறண்ட ரொட்டி. இஞ்சி தட்டிய வெந்நீர் என்று மாற்றினோம். சில மருந்துகளுக்குக் குளிர்ந்தவை ஆகா. அதை மட்டும் முன்கூட்டியே கேட்டறிய வேண்டும். வாயில் இரும்புச் சுவை தட்டுகிறது என்றார். உலோகக் கரண்டியை விடுத்து மரக்கரண்டி கொடுத்தோம்.

இரண்டாம் வாரத்தில் வாய்ப்புண் வந்தது. மிளகாய், புளி, எலுமிச்சை மூன்றும் அப்போது பகையாயின. பாலில் ஊறிய இட்டிலி, நெத்திலி சேர்த்து மசித்த கஞ்சி, ஆவியில் வெந்த முட்டை, வாழைப்பழம், பப்பாளி ஆகியவை கைகொடுத்தன. ஒரு குவளை இளவெந்நீரில் கால் தேக்கரண்டி சமையல் சோடாவும் அரைக்கால் தேக்கரண்டி உப்பும் கரைத்து, நாளில் பலமுறை வாய் கொப்பளிக்கச் செய்தோம்.

மருந்தேற்றிய ஏழாம் நாள் முதல் பதினான்காம் நாள் வரை இரத்தத்தின் வெள்ளணுக்கள் பெரும்பாலும் மிகக் குறைந்திருக்கும். அந்நாள்களில் சிறு கிருமியும் பெரும்பகை. கோப்பிக்கடை அரைவேக்காட்டு முட்டை, வெட்டி வைத்து விற்கும் பழம், தெருவோர ரோஜாக், பச்சை மீன் ஆகியவற்றை விலக்கினோம். சமைத்த உணவை இரண்டு மணி நேரத்திற்கு மேல் வெளியில் வைப்பதில்லை. இரவுச் சோற்றை மறுநாளுக்குக் கொடுப்பதில்லை. உடற்சூடு 38 பாகையைத் தொட்டால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டு இராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்பதைச் சுவரில் எழுதி ஒட்டினோம்.

மூன்றாம் தடவைக்குச் சென்றபோது வெள்ளணுக்கள் போதிய அளவு ஏறவில்லை என்று ஒரு வாரம் தள்ளி வைத்தார்கள். எடையும் 49 கிலோவாக இறங்கியிருந்தது. அவ்வாரம் வீட்டில் யாருக்கும் உறக்கமில்லை. எந்த உணவும் ஓரிரு நாளில் வெள்ளணுக்களை ஏற்றிவிடாது. அது உடல் தானே செய்யும் வேலை. ஆயினும் எடை மேலும் இறங்காமல் காப்பது எங்கள் கையில் இருந்தது. பாட்டி கஞ்சியில் முட்டையை அடித்து ஊற்றினார். பாலில் பால்மாவையும் சேர்த்துக் கலக்கினார். தேங்காய்ப்பாலில் மீன் சொதி வைத்தார். பெரியம்மா இரண்டு வாய் உண்டு தட்டைத் தள்ளினால் பாட்டி கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு மணி நேரம் கழித்து அதே தட்டோடு மீண்டும் வருவார். ஆறாம் தடவை முடிந்தபோது எடை 50 கிலோ. அந்த ஒரு கிலோ எங்களுக்கு ஒரு மலை.

சிகிச்சை முடிந்த பின்னர் வேறொரு பாடம் தொடங்கியது. நாக்குக்குச் சுவை திரும்பியதும் இனிப்பும் பொரியலும் அழைத்தன. இப்போது எடை அளவுக்கு மீறி ஏறாமல் காக்க வேண்டும். நம் நாட்டுச் சுகாதார அமைச்சு சொல்லும் 'சுக்கு சுக்கு செபாரோ' முறையில், தட்டின் காற்பங்கு சோறு, காற்பங்கு மீன் அல்லது கோழி அல்லது பருப்பு, அரைப்பங்கு காய்கனி என்று வைத்தோம். சமைத்த ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி வகைகள் வாரத்திற்கு 350 முதல் 500 கிராமுக்கு மேற்படலாகாது என்பது உலகப் புற்றுநோய் ஆய்வு நிதியத்தின் 2018ஆம் ஆண்டுப் பரிந்துரை. சாசேஜ் போன்ற பதப்படுத்திய இறைச்சி புற்றுநோயை உண்டாக்கும் என்று 2015ஆம் ஆண்டிலும், புகையிலை சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் வெற்றிலைபாக்கு மெல்லுவது புற்றுநோய் தரும் என்று 2004ஆம் ஆண்டிலும் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அறிவித்தது. மதுவும் அதே வரிசையில் உள்ளது. இதைக் கேட்ட பாட்டி, ஐம்பது ஆண்டுகளாக இடுப்பில் செருகிய வெற்றிலைப் பையை எடுத்து அலமாரியில் வைத்தார். "மருமகளுக்குப் பத்தியம் சொன்ன வாய், தனக்கும் காக்க வேண்டாமா?" என்றார்.

பெரியம்மா இப்பொழுது மருத்துவர் குறித்த நாளில் சோதனைக்குச் சென்று வருகிறார். வீட்டின் பின்புறம் கங்கோங்கும் முருங்கையும் வளர்க்கிறார். உணவு புற்றுநோயைக் குணப்படுத்தியது என்று நாங்கள் சொல்லமாட்டோம். குணப்படுத்தும் பணி மருத்துவர்களுடையது. அவர்கள் தரும் கடுமையான மருந்தைத் தாங்கும் உடலைக் காத்துக் கொடுப்பதே அடுக்களையின் கடமை.

மாணவச் செல்வங்களே! உங்கள் லயத்தில் யாரேனும் இந்நோயால் வாடினால், பெற்றோருடன் சென்று பாருங்கள். "இதைச் சாப்பிடாதீர்கள்" என்று சொல்லாதீர்கள். "உங்களால் இன்று என்ன சாப்பிட முடிகிறது?" என்று கேளுங்கள். கேட்டறிந்து, மறுநாள் நான்கு முட்டையோ ஒரு துண்டு மீனோ கொண்டுபோய்க் கொடுங்கள்.