குடிமராமத்து

மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று கேட்ட சங்கச் செயலாளர், “கணினியைப் பற்றி மட்டும் எழுதிவிடாதே; நாலு பேர் படிக்க வேண்டும்” என்றும் சேர்த்துச் சொன்னார். அவர் சொல்லைத் தட்ட மனம் இல்லை. கணினியை விடவும் மனம் இல்லை. ஆகவே கணினியைப் பற்றிக் கொஞ்சமும், அதன் பின்னால் இருக்கும் மனிதர்களைப் பற்றிக் கொஞ்சமும், அவர்களுள் ஒருவரிடம் நான் நடந்துகொண்ட விதத்தைப் பற்றிக் கொஞ்சமும் எழுதுகிறேன்.

பன்னிரண்டாம் வகுப்பில் எனக்குத் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினி கிடைத்தது. 2011இல் தொடங்கிய திட்டம் அது. நம்மில் பலர் அந்தக் கணினியைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் இந்த வடநாட்டுக்கு ரயில் ஏறினோம். என் கைக்கு வந்த கணினியைத் திறந்ததும் இரண்டு வாசல்கள் தெரிந்தன. ஒன்று விண்டோஸ். மற்றொன்று, சென்னை சி-டாக் நிறுவனத்தார் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு ஆக்கிய ‘பாஸ்’ என்னும் இயங்குதளம். இரண்டாவது வாசலை நான் எட்டியும் பார்க்கவில்லை. விலை கொடுத்து வாங்குவது உயர்ந்தது, சும்மா கிடைப்பது மட்டமானது என்பது என் எண்ணம். அந்தக் கணினியே எனக்குச் சும்மா கிடைத்ததுதான் என்பது ஏனோ அப்போது நினைவுக்கு வரவில்லை.

இங்கு வந்தபின் கணினிக்கு முதுமை தட்டியது. விண்டோஸ் கண் விழிப்பதற்குள் மெஸ்ஸுக்குப் போய்த் தேநீர் அருந்திவிட்டு வந்துவிடலாம். என் அறை நண்பர் ஒரு மலையாளி. அவருடைய மாநிலத்து அரசுப் பள்ளிகளில் லினக்ஸை வைத்துத்தான் கணினி கற்றுத் தருகிறார்கள். அவர் ஒரு மாலை என் பக்கத்தில் அமர்ந்து டெபியன் என்னும் லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றிக் கொடுத்தார். கிழவனுக்கு இளமை திரும்பியது. 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவு நின்றபோது, விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்ளாத பழைய கணினிகளை என்ன செய்வது என்று விடுதியில் பலர் கலங்கினார்கள். என் கணினியும் அந்தப் பழைய வகைதான். ஆனால் எனக்குக் கலக்கம் இல்லை. “எல்லாம் இலவசம், ஐயா, இலவசம்!” என்று அறை அறையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இந்த ‘இலவசம்’ என்ற சொல்லில்தான் என் பிழை தொடங்கியது.

1983இல் ரிச்சர்டு ஸ்டால்மன் என்ற அமெரிக்கர், எவரும் ஓட்டலாம், உள்ளே திறந்து படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம் என்னும் உரிமைகளோடு ஓர் இயங்குதளம் ஆக்கப்போவதாக அறிவித்தார். 1991 ஆகஸ்டில், ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் நம்மைப் போல் மாணவராக இருந்த 21 வயது லினஸ் டோர்வால்ட்ஸ், பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் எழுதிவருவதாகத் தெரிவித்தார். பின்னர் அந்த நிரலையும் ஸ்டால்மனின் உரிமத்தின்கீழ் வெளியிட்டார். இந்த இரண்டு ஆறுகளும் கூடிய வெள்ளம்தான் இன்று லினக்ஸ் என்று பேசப்படுவது. உலகத்தின் தலைசிறந்த 500 மீக்கணினிகள் எனப் பட்டியலிடப்படுபவை அனைத்தும் 2017 நவம்பர் முதல் லினக்ஸிலேயே ஓடுகின்றன. நம் சட்டைப்பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு கைப்பேசியின் கருவும் அதுவே.

ஆங்கிலத்தில் ‘காசில்லாதது’, ‘விடுதலையுடையது’ இரண்டுக்கும் ஒரே சொல். அதனால் அவர்கள் நெடுங்காலமாக விளக்கம் சொல்லிச் சலித்துப்போயிருக்கிறார்கள். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. ‘இலவசம்’ என்பது வேறு, ‘கட்டற்றது’ என்பது வேறு என்று நம் மொழி பிரித்துக் காட்டுகிறது. அப்படிப் பிரித்துக் காட்டியும் எனக்கு விளங்கவில்லை என்றால் குற்றம் மொழியினுடையது அன்று.

இரண்டுக்கும் உள்ள வேற்றுமையை ஒரு செய்தி நன்கு காட்டும். ரெட் ஹேட் நிறுவனத்தை ஐ.பி.எம். 2019இல் 3,400 கோடி டாலருக்கு வாங்கியது. பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும் விலையின்றி நம்பிப் பயன்படுத்திவந்த சென்ட்ஓஎஸ் 8 என்னும் இயங்குதளத்துக்கு 2021 முடிவோடு ஆதரவு நின்றுவிடும் என்று 2020 டிசம்பரில் அறிவிப்பு வந்தது. அது 2029 வரை இருக்கும் என்று எண்ணியிருந்தவர்கள் திகைத்துப்போனார்கள். இலவசமாகத் தருபவர் இல்லை என்று சொல்லிவிட்டால் வாங்குபவர் வாய்திறக்க வழி ஏது? ஆனால் அது கட்டற்றதாகவும் இருந்ததனால், நிரலை எடுத்துக்கொண்டு ராக்கி லினக்ஸ், அல்மா லினக்ஸ் என்று இரண்டு புதிய தளங்களை 2021இலேயே வேறு சிலர் எழுப்பிவிட்டார்கள். மேலே இருப்பவர் மதகை அடைத்தால் கீழே இருப்பவர் வேறு கால்வாய் வெட்டிக்கொள்ளலாம். அந்த உரிமைதான் கட்டறுத்தல்.

கால்வாய் வெட்டும் உரிமை சரி. தூர் வாரும் கடமை யாருடையது? இந்தக் கேள்வி என்னிடம் வந்து சேர்ந்த கதையைச் சொல்லுகிறேன்.

2023இல் நம் சங்கத்தின் பழைய மலர்களைத் தொகுக்க முற்பட்டோம். பல இதழ்கள் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் குப்பையாகக் கொட்டிக் கிடக்கும். அவற்றை ஒருங்குறிக்கு மாற்ற ஒரு சிறு கட்டற்ற கருவி எங்களுக்குக் கிடைத்தது. யாரோ ஒரு தமிழர், தனியொருவராக எழுதி, எவரும் எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்திருந்தார். பாதி வேலை முடிந்த நேரத்தில் நான் டெபியனின் புதிய பதிப்புக்கு மாறினேன். கருவி நின்றுவிட்டது. அது பைத்தான் 2 என்னும் பழைய மொழியில் எழுதப்பட்டது; அம்மொழிக்கு 2020 ஜனவரி முதல் நாளோடு ஆதரவு முடிந்திருந்தது; புதிய டெபியன் அதை நீக்கிவிட்டது. இவ்வளவும் இன்று தெரிந்து சொல்லுகிறேன். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், விழாவுக்குப் பத்து நாள்தான் இருக்கிறது என்பதுதான்.

அவருக்கு ஒரு கடிதம் எழுதினேன். கருவி ஓடவில்லை என்று எழுதினால் போதாதா? “பராமரிக்க முடியாதவர்கள் ஏன் வெளியிட வேண்டும்? உங்களை நம்பிய எங்கள் உழைப்பெல்லாம் வீண்” என்றும் எழுதினேன். மூன்று நாள் பொறுத்து, “பதில் எழுதும் பண்பாவது இருக்கக் கூடாதா?” என்று இரண்டாவது கடிதமும் விடுத்தேன். பதில் வரவில்லை. இரண்டு மாதம் கழித்து அந்தக் கருவியின் பக்கத்தில் ஒரே ஒரு வரி இருந்தது. தம்மால் இனி இதைப் பார்த்துக்கொள்ள இயலாது என்றும், விருப்பமுள்ளோர் ஏற்று நடத்தலாம் என்றும் எழுதியிருந்தார். அதைப் படித்து நான் வருந்தினேன் என்று சொன்னால் பொய். “நான் சொன்னது சரியாகப் போயிற்று” என்று அறை நண்பரிடம் சொன்னேன்.

2024 மார்ச் 29ஆம் நாள் வந்த ஒரு செய்திதான் என்னைத் திருப்பிப்போட்டது. ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்டு என்ற பொறியாளர் தம் டெபியன் சோதனைக் கணினியில் வேறு ஏதோ அளந்துகொண்டிருந்தார். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய 0.3 நொடி பிடிக்க வேண்டியது 0.8 நொடி பிடிப்பதைக் கண்டார். அரை நொடிதானே என்று அவர் விட்டுவிடவில்லை. தோண்டிப் பார்த்தார். கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற சிறு மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ கன்னம் வைத்திருந்தார்கள். சோதனைக்கென வைத்த கோப்புகளுக்குள் நச்சு நிரல் ஒளிந்திருந்தது. இன்னும் சில வாரம் அது கண்டுபிடிக்கப்படாமல் இருந்திருந்தால், உலகெங்கும் எத்தனையோ லினக்ஸ் கணினிகளுக்குத் திருட்டுச் சாவி ஒன்று தயாராகியிருக்கும். சோதனைப் பதிப்புகளோடு அது தடுக்கப்பட்டது நம் நல்ல காலம்.

திருடன் எப்படி உள்ளே வந்தான் என்பதுதான் என்னை உலுக்கியது. பின்லாந்தைச் சேர்ந்த லாசே காலின் என்பவர் பல்லாண்டுகளாக ஊதியமின்றி அந்த மென்பொருளைப் பேணிவந்தார். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் 2021 முதல் உதவி செய்பவராக வந்தார். 2022இல் வேறு சில பெயர்களிலிருந்து கடிதங்கள் வந்தன. வேலை ஏன் இவ்வளவு மெதுவாக நடக்கிறது, உம்மால் முடியாவிட்டால் வேறொருவரிடம் விடக் கூடாதா என்று அவை நெருக்கின. தம் மனநலம் நெடுநாளாகச் சரியில்லை என்றும், இது சம்பளமில்லாத பொழுதுபோக்குப் பணி என்பதை மறக்க வேண்டாம் என்றும் அவர் பணிவாகவே பதில் சொன்னார். முடிவில் புதியவரின் கைக்கும் சாவி போயிற்று. கடிதம் எழுதிய அந்தப் பெயர்களும் சூழ்ச்சியின் பகுதியே என்பது பலருடைய கருத்து. ஜியா டான் யார் என்பதும் வெளிப்படவில்லை.

அந்தக் கடிதங்கள் இன்றும் பொதுவில் இருக்கின்றன. ஓர் இரவு விடுதி அறையில் அமர்ந்து அவற்றைப் படித்தேன். நாலைந்து வரி போனதும் கை தானாக நின்றுவிட்டது. ஒரு மனிதரைச் சோர்வடையச் செய்வதற்கென்று வஞ்சகர் திட்டமிட்டு எழுதியவை என்று சொல்லப்படும் வாசகங்களும், நான் திட்டம் ஏதுமின்றி, நல்லவன் என்ற நினைப்போடு எழுதிய வாசகங்களும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. அவர்களுக்காவது அதில் ஒரு நோக்கம் இருந்தது. எனக்கு விழா அவசரம் ஒன்றுதான்.

என் தாத்தா குடிமராமத்து என்று ஒரு வழக்கத்தைப் பற்றிச் சொல்லுவார். மழைக்காலம் வருமுன் ஊரார் கூடி ஏரியில் தூர் வாருவார்கள், கரையை உயர்த்துவார்கள், மதகைச் செப்பனிடுவார்கள். ஏரி ஊர்ப் பொது. அதனால் வேலையும் ஊர்ப் பொது. இதை அவர் பொற்காலக் கதையாகச் சொல்லவில்லை. மண் சுமந்தவன் ஒருவன், கரும்பு விளைத்தவன் மற்றொருவன் என்ற அநியாயமும் அதில் உண்டு என்பார். கட்டற்ற மென்பொருள் உலகத்திலும் அதே கதைதான். கோடி கோடியாக ஈட்டும் நிறுவனங்கள் ஏரியின் தலைமடையில் அமர்ந்திருக்கின்றன. கரையைக் காப்பவர் எங்கோ ஓர் ஊரில் இராக் கண் விழிக்கிறார். 2014இல் ஓப்பன்எஸ்எஸ்எல் என்னும் மென்பொருளில் ‘ஹார்ட்பிளீட்’ என்ற ஓட்டை வெளிப்பட்டு உலகமே நடுங்கியபோதும், அதைப் பேணுவோர் விரல்விட்டு எண்ணத்தக்கவரே என்பது தெரியவந்தது. பெரிய நிறுவனங்கள் பதறிப் பணம் திரட்டின. பத்தாண்டில் மறுபடியும் அதே பாடம். நிறுவனங்கள் கொடுக்க வேண்டியதை நிறுவனங்கள் கொடுக்கட்டும். அதை நாம் உரக்கக் கேட்கவும் வேண்டும். ஆனால் கடைமடையில் இருக்கும் நமக்கு மண்வெட்டியே கிடையாதா?

அந்தத் தமிழருக்கு மூன்றாவது கடிதம் எழுதினேன். மன்னிப்புக் கேட்டு எழுதினேன். பதில் இல்லை. பதிலை எதிர்பார்க்கும் உரிமை எனக்கு இல்லை என்பதை இம்முறை அறிந்திருந்தேன். பிறகு சங்க நண்பர்கள் நால்வர் சேர்ந்து, அவர் அளித்த உரிமத்தின்படியே, அந்தக் கருவியை எடுத்துப் பைத்தான் 3க்கு மாற்ற உட்கார்ந்தோம். எங்களில் ஒருவர் வரலாறு படிப்பவர், ஒருவர் வேதியியல். ஞாயிறு மாலைதான் எல்லோருக்கும் ஒழியும்.

அப்போதுதான் அந்த மனிதர் எவ்வளவு உழைத்திருக்கிறார் என்பது தெரிந்தது. பாமினியில் ஒற்றைக்கொம்பு கண்ணால் பார்க்கும் வரிசைப்படி எழுத்துக்கு முன்னே நிற்கும். ஒருங்குறியில் எழுத்துக்குப் பின்னே வர வேண்டும். ஔகாரக் குறியின் பின்பாதியும் ‘ள’ எழுத்தும் ஒரே உருவம். ‘கௌரவம்’ சரியாக வர விதி எழுதினோம். ‘தெளிவு’ சிதைந்து போயிற்று. தெளிவைச் சரிசெய்தோம், கௌரவம் போயிற்று. ஒரு மாலை முழுவதும் இரண்டில் எதைக் காப்பாற்றுவது என்று வாதாடினோம்! ‘ள’வுக்குப் பின் இகரக் குறியோ வேறு உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் அது எழுத்து, வராவிட்டால் கொம்பின் துணை என்று பிரித்த பிறகே இரண்டும் பிழைத்தன. பழைய நிரலைப் புரட்டினால், அவர் அதை முன்பே கண்டு, ஓரத்தில் குறிப்பும் எழுதிவைத்திருந்தார். நாங்கள்தான் படிக்காமல் விட்டிருந்தோம்.

நண்பர்களே, நிரல் எழுதத் தெரிந்தால்தான் இதில் இடம் என்று எண்ண வேண்டாம். லினக்ஸின் தமிழ் முகப்பில் பொருந்தாத சொற்களைத் திருத்த இலக்கிய மாணவர் வேண்டும். ஒரு பழுதைக் கண்டால், எந்தப் பதிப்பில், எதைச் செய்தபோது நேர்ந்தது என்று தெளிவாக எழுதுவதே பாதி வேலை. மாதம் ஒரு நாள் கேன்டீன் செலவைக் குறைத்து அனுப்பலாம். ஒன்றும் இயலாவிட்டால், “உங்கள் மென்பொருளைப் பயன்படுத்துகிறேன், நன்றி” என்று ஒரு வரி எழுதலாம். என் இரண்டு கடிதங்களைப் போன்றவை அவர்களுக்கு நிறைய வருகின்றன. இத்தகைய வரிகள்தாம் குறைவு.

இந்த மலரின் ‘பழைய பக்கங்கள்’ பகுதியிலுள்ள கட்டுரைகள் அந்தக் கருவியின் வழியாக வந்தவை. எழுத்துப் பிழை கண்டால் எங்களுக்கு எழுதுங்கள், அவசியம் திருத்துகிறோம். ஞாயிறு மாலை வரையில் மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள்.